கேட்டு வந்தவள்

கணவர் ஹார்லனை அடக்கம் செய்துவிட்டு வந்த கால் மணி நேரத்தில் ஆர்டிஸ் காபி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். சர்ச்சின் கீழ்த்தளத்தில், நீள மேஜைகளுக்கு நடுவே, பெரிய கெட்டிலை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாக நிரப்பிக்கொண்டே போனாள். அதை அவள் கையிலிருந்து வாங்க மூன்று பெண்கள் முயன்று தோற்றிருந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது உக்காரேன் ஆர்டிஸ்" என்றாள் அவர்களில் ஒருத்தியான வெர்னா.

"உக்காந்தா ஆளாளுக்கு வந்து கையப் பிடிச்சுக்கறாங்க. இது கையில இருந்தா சுடுமேன்னு தள்ளி நிக்கறாங்க."

மான் வேட்டைக் காலம் தொடங்கி அது நான்காவது நாள். காலையில் ஒரு சுற்றுக் காட்டுக்குப் போய்விட்டு வர வசதியாக இருக்கட்டும் என்று பாதிரியார் அடக்கத்தைப் பதினொரு மணிக்கு வைத்திருந்தார். ஆண்கள் எல்லோரும் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டைகள் வெளியே வண்டிகளில் கிடந்தன. இரண்டு வண்டிகளின் பின்பக்கத்தில் மானும் கிடந்தது. ஹார்லன் மட்டும் உயிரோடிருந்து இது வேறு யாருடைய அடக்கமாகவோ இருந்திருந்தால், ஜெபம் முடிவதற்குள் நழுவிப் போய் அந்தக் கொம்புகளை எண்ணிவிட்டு வந்திருப்பார்.

கடைசி மேஜையின் ஓரத்தில் ரோசான் குபியாக் உட்கார்ந்திருந்தாள். கருநீல உடை. ஐம்பத்தொரு வயதுக்கு அது அவளுக்கு நன்றாகவே இருந்தது. அவளைச் சுற்றி நாலைந்து ஆண்கள். ஆர்டிஸ் பக்கம் வந்தபோது துக்கம் விசாரித்துவிட்டு அடுத்த வார்த்தை தெரியாமல் விழித்த அதே ஆண்கள், அவளிடம் ஹார்லனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஆர்டிஸ் கெட்டிலை மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டு போனாள்.

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ரோசானும் ஒருத்தி. தூக்க வேண்டிய பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டுக்கு அன்று காலை பார்த்தா முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும்! மகள் ஜனெல் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அப்பாவுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும், நீங்க ஒரு கை பிடிங்க" என்று ரோசானைக் கூப்பிட்டுவிட்டாள். வலது பக்கம், நடுக் கைப்பிடி. பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்த ஆர்டிஸ், கல்லறை வரைக்கும் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுந்து கிடந்த ஹார்லனை முதலில் கண்டவளும் ரோசான்தான். வெள்ளிக்கிழமை மதியம் மில்வாக்கியிலிருந்து வந்தவள், மறுநாள் விடிகாலை ஏறப்போகும், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று நேராகக் காட்டுக்குள் போயிருக்கிறாள். ஓக் மரத்தடியில் ஹார்லன் மல்லாந்து கிடந்தார். ரோசான் வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் தட்டி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, ஆர்டிஸும் அவளுமாக மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைக்கு அடியில் ரோசானின் ஆரஞ்சு நிறக் கோட்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கண்களும் மூடியிருந்தன. ஆர்டிஸுக்குச் செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

தான் விட்டு வரும்போது அவருக்கு உயிர் இருந்தது என்று ஷெரீஃபின் ஆளிடம் ரோசான் சொன்னது ஆர்டிஸ் காதில் விழுந்தது. பேச்சும் இருந்ததாம். என்ன பேச்சு என்று அவன் கேட்கவில்லை. ஆர்டிஸும் கேட்கவில்லை. நான்கு நாளாகக் கேட்கவில்லை.

ரோசானின் அப்பா ஸ்டான் ஹார்லனின் காட்டில் பதினோரு வருஷம் வேட்டையாடியவர். அவர் இறந்த வருஷத்து நவம்பரில், கணவனை விட்டுப் பிரிந்திருந்த ரோசான் தனியாக வந்து சமையலறைக் கதவைத் தட்டினாள். அப்பாவின் துப்பாக்கி தோளில் இருந்தது. "இந்த வருஷம் நான் வரலாமா, மிஸ்டர் ட்வெய்ட்?" என்று கேட்டாள். ஹார்லன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு, "சரி, வா" என்றார். மஞ்சள் தாளில் வழக்கமான நாலு வரியை எழுதி நீட்டினார். நான் கேட்டு வந்தேன், அவர் அனுமதித்தார், காசு கொடுக்கவில்லை, எனக்கு ஏதாவது ஆனால் அவர் பொறுப்பில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதிருந்து பத்தொன்பது வருஷம். ஒவ்வொரு நவம்பரிலும் அதே கதவு, அதே கேள்வி, அதே தாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிய பிறகும் அவள் கேட்காமல் இருந்ததில்லை. அவரும் உடனே பதில் சொன்னதில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் முதுகைக் காட்டி நின்றபடி ஆர்டிஸ் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலிருந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னிடம் எதற்கும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை என்று தோன்றும். சாப்பாடு எப்படி என்றால் உடனே "நல்லாருக்கு". புது உடை எப்படி என்றால் உடனே "நல்லாருக்கு".

"அவகிட்ட காசு வாங்கினா என்ன? எல்லாப் பண்ணையிலயும் வாங்கறாங்க" என்று ஒரு வருஷம் கேட்டாள்.

"காசு வாங்கினா நாம கடை வெச்ச மாதிரி. அவ விழுந்தா நம்ம தலையில வரும். கேட்டு வரட்டும், சும்மா வரட்டும். அதுதான் நமக்குப் பாதுகாப்பு."

அது பொய்யில்லை. ஆற்றுக்கு அப்பால் ஒருவன் ஐம்பது டாலர் வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விட்டு, வந்தவன் பழைய கிணற்றில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, வழக்காகி, கடைசியில் நாற்பது ஏக்கர் போனதை ஊரே பார்த்தது. ஆனால் ஆர்டிஸுக்கு அது வசதியான உண்மையாகத்தான் பட்டது. காசு கொடுத்தால் அவள் வாடிக்கைக்காரி. கொடுக்காவிட்டால் அவள் யார்? அவள் கொண்டுவரும் கசகசாக் கேக்கை ஹார்லன் ஒரு வாரம் வைத்துத் தின்பார். "கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி" என்பாள் ஆர்டிஸ். "ஆமா ஆமா" என்றபடி இன்னொரு துண்டை வெட்டுவார்.

இந்தச் செப்டம்பரில் ஆர்டிஸ் ஒரு கடிதம் எழுதினாள். இந்த வருஷத்திலிருந்து வேட்டைக்கு முந்நூறு டாலர், செக்காக அனுப்பவும், இப்படிக்கு ட்வெய்ட் குடும்பம். அதைப் பார்த்து ரோசான் வராமல் நின்றுவிடுவாள் என்றுதான் எழுதினாள். ஐந்தாம் நாள் செக் வந்தது, நன்றி என்று ஒரு வார்த்தையோடு. ஆர்டிஸ் அதை பேங்கில் போட்டாள். ஹார்லனிடம் சொல்லவில்லை.

போன புதன்கிழமை ரோசான் போன் செய்தபோது எடுத்தது ஹார்லன்.

"செக்கா? என்ன செக்கு?" என்று அவர் கேட்டது சமையலறை முழுக்கக் கேட்டது. போனை வைத்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். "பேங்க்ல போட்டாச்சா ஆர்டிஸ்?"

"அப்பவே போட்டாச்சு."

"எதுக்கு?"

"எதுக்கா? பத்தொம்போது வருஷமா சும்மா வந்துட்டுப் போறாளே, அதுக்கு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாழக்கிழமை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வெர்ஜிலிடம் போனில் வெகுநேரம் பேசினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொட்டகையிலிருந்து புதுப் பைன் சட்டங்களை அளவுக்கு அறுத்து எடுத்துக்கொண்டு, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். எழுபது வயது, வெளியே உறைபனி.

ஆர்டிஸ் வாசல்வரை வந்து சொன்னாள்: "ஸ்டோர் ரூம் அலமாரிப் பலகை மூணு வருஷமா தரையில கெடக்கு. அவ பரண்னா மட்டும் கை நீளுது."

"அலமாரியிலேருந்து யாரும் விழ மாட்டாங்க" என்றார் ஹார்லன்.

அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

"ஆர்டிஸ், ஒரு நிமிஷம்." சர்ச் மேஜையோரம் வெர்ஜில் மோ காபிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அந்தப் பக்கத்துப் பண்ணைகள் அத்தனைக்கும் பாலிசி எழுதியவர் அவர்தான். "வியாழக்கிழமை ஹார்லன் எனக்கு போன் பண்ணினார்."

"தெரியும்."

"வேட்டைக்குக் காசு வாங்கிட்டோம், இப்ப என்ன பண்றதுன்னு கேட்டார். காசு வாங்கினா அது வியாபாரம், பண்ணை பாலிசி அதுக்கு நிக்காதுன்னேன். ஒண்ணு, காசத் திருப்பிக் குடுத்து அந்தம்மாவ இந்த வருஷம் வராதன்னு சொல்லிடுங்க. இல்ல, பரண்ல ஒரு ஆணிகூட ஆடாமப் பாத்துக்குங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவள வராதன்னு எப்படிச் சொல்றதுன்னார்." வெர்ஜில் கோப்பைக்குள் பார்த்தார். "அந்த ஆணிப் பேச்ச நான் எடுத்திருக்கக் கூடாது. நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல ஆர்டிஸ். இவ்வளவு காலம் ஒரு சென்ட் வாங்காத மனுஷன், இந்த வருஷம் என்னத்துக்கு வாங்கினாரோ."

வாங்கிட்டோம், என்றிருக்கிறார். ஆர்டிஸ் வாங்கிட்டா என்று சொல்லவில்லை.

வாங்கினது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெரிய மனிதர் இன்றிரவு தூங்குவார். ஆர்டிஸ் அவர் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.

"சர்க்கரை அந்த மேஜையில இருக்கு வெர்ஜில்" என்றாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது ரோசானே எழுந்து வந்தாள்.

"ஆர்டிஸ், நான் இன்னிக்கே ஊருக்குக் கெளம்பறேன். பரண்ல என் மெத்தை ஒண்ணு கெடக்கு, ஒரு டப்பாவும் இருக்கு. போய் எடுத்துக்கலாமா?"

இப்போதும் கேட்கிறாள். ஆர்டிஸ் கெட்டிலைக் கீழே வைத்தாள். பதில் சொல்ல அவளுக்கும் நேரம் பிடித்தது.

"நானும் வர்றேன்" என்றாள். "என் நெலத்துல நீங்க தனியாப் போக வேண்டாம்."

ரோசானின் வண்டியில் போனார்கள். வண்டிக்குள் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் ஏலக்காய் வாசனையும் கலந்திருந்தன. கொட்டகையில் நிறுத்தி அலுமினிய ஏணியை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தபடி சோள வயலின் ஓரமாக நடந்தார்கள். அறுவடை முடிந்த தாள்களின் மேல் மெல்லிய பனி. முன்னால் ரோசான், பின்னால் ஆர்டிஸ். காலையில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த அதே கையால்தான் ரோசான் ஏணியைப் பிடித்திருந்தாள்.

ஓக் மரத்தடியில் பனி மிதிபட்டுக் கிடந்தது. மரத்தில் அறைந்த படிகளில் மேலே நான்கு புதிது, பைன் வெள்ளை. ஐந்தாவது இருந்த இடத்தில் இரண்டு துருப்பிடித்த ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மேலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு இறங்கியவர், இன்னும் மாற்றாத பழைய படியில் கால் வைத்திருக்கிறார்.

"நான் விட்டுட்டு வர்றப்ப அவருக்குப் பேச்சு இருந்துச்சு" என்றாள் ரோசான், ஏணியை மரத்தில் சாய்த்தபடி. "நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

ஆர்டிஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னார்?"

"'ஏறாத, படி கழண்டிருக்கு'ன்னார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். ரெண்டு தடவை சொன்னார். நான் ஏறலைன்னு சொன்னதுக்கப்புறம்தான் கையை விட்டார்."

கையை விட்டார் என்றால் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் அதை மென்று விழுங்கினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. செக்கைப் பற்றியும் இல்லை. இதில் எது தன்னை அதிகம் சுட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தக் கடிதம் நான் எழுதினது" என்றாள்.

"தெரியும். பத்தொம்போது தாள்ல அவர் கையெழுத்தப் பாத்திருக்கேனே. அவருக்கு எழுத்து கோழி கிண்டின மாதிரி. கடிதம் அழகா இருந்துச்சு."

"தெரிஞ்சுமா காசு அனுப்பினீங்க?"

"சந்தோஷமா அனுப்பினேன்." ரோசான் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு வருஷமும் நான் உள்ள வந்து உக்காந்தா நீங்க திரும்பவே மாட்டீங்க. பாத்திரம் கழுவற சத்தம் மட்டும் பெரிசா கேக்கும். ஒரு தட்டை எத்தன தடவை கழுவுவாங்கன்னு நெனச்சுக்குவேன். காசு கேட்டு எழுதினதும், சரி, இனிமே கணக்குத் தீந்துச்சு, இந்த வருஷம் திரும்பிப் பாப்பாங்கன்னு நெனச்சேன்."

"அவருக்குத் தெரியாம வாங்கினேன்."

ரோசான் ஏணியிலிருந்து கையை எடுத்தாள். "தெரியாதா?"

"புதன்கிழமை நீங்க போன்ல கேட்டப்பதான் தெரியும்."

ரோசான் மேலே இருந்த நான்கு புதுப் படிகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு ஆணிகளைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிக்கொண்டு வந்தது. "நான் கேட்டதாலயா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். தூரத்தில், டெல்பர்ட்டின் காட்டுப் பக்கம், ஒரு வெடிச் சத்தம் கேட்டு அடங்கியது.

"போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ரோசான் ஏணியில் கால் வைத்தாள்.

"எறங்கு."

"ஆர்டிஸ்..."

"எறங்குங்கறேன். காசு வாங்கியிருக்கேன். நீ விழுந்தா நான் பொறுப்பு. நான் விழுந்தா யாரும் பொறுப்பில்ல."

"உங்களுக்கு அறுபத்தேழு வயசு."

"என் வயசு எனக்குத் தெரியும். ஏணியப் புடி."

சவ அடக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புக் காலணியோடு ஆர்டிஸ் ஏறினாள். ஏணி குளிர்ந்து விரல்களில் ஒட்டியது. புதுப் படிகளைத் தாண்டும்போது நின்று பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு மூன்று ஆணி, வரிசை பிசகாமல். வீட்டில் அவர் ஓர் ஆணியை நேராக அறைந்து அவள் பார்த்ததில்லை.

மேலே ஒரு பலகை, அதன் மேல் நைந்த மெத்தை, மிட்டாய் இருந்த ஒரு தகர டப்பா. ஆர்டிஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒட்டிப்போன இரண்டு மிட்டாய்கள். மூடிவிட்டு மெத்தையில் உட்கார்ந்தாள். இத்தனை காலமும் அவள் மனதுக்குள் அந்தப் பரண் எவ்வளவோ பெரிதாக இருந்தது. இங்கே ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கக்கூட இடமில்லை.

எதிரே காய்ந்த கோரைப்புல், சதுப்பு, அதற்கப்பால் வெறும் மரங்கள். அவ்வளவுதான்.

"இங்கேருந்து வீடு தெரியலையே?" என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

"தெரியாது. அப்பா காலத்துல வீட்டப் பாத்த மாதிரிதான் இருந்துச்சு. நான் வந்த வருஷமே அவர் திருப்பிக் கட்டிட்டார்."

"எதுக்கு?"

"புதுசா சுடறவ, குண்டு எங்க போகும்னு சொல்ல முடியாதுன்னார். 'அந்தப் பக்கம் ஆர்டிஸ் பாத்திரம் கழுவிட்டு நிப்பா'ன்னார்." ரோசான் அண்ணாந்தபடியே, "வருஷா வருஷம் தாள நீட்டறப்ப அதத்தான் சொல்வார். 'பரண்ல திரும்பி உக்காராத'ன்னு. உங்களுக்குக் கேட்டிருக்குமே" என்றாள்.

கேட்டதில்லை. "சரி, வா" என்று காதில் விழுந்ததும் தண்ணீரை அவள்தான் திறந்துவிட்டிருந்தாள்.

ஆர்டிஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சதுப்பின் விளிம்பில் ஒரு பெண் மான் வந்து நின்று, காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் கோரைக்குள் போனது. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ரோசான் அவளைக் கூப்பிடவில்லை, அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஆர்டிஸ் மெத்தையைச் சுருட்டிக் கீழே போட்டாள். டப்பாவைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பி, ஏணியின் முதல் படிக்குக் காலால் துழாவினாள். குனிந்து பார்த்தபோது ரோசான் கையுறைகளைக் கழற்றிப் பனியில் போட்டிருப்பது தெரிந்தது. வெறுங்கைகளால் ஏணியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்து, கீழ்ப்படியில் ஒரு காலை அழுத்தி வைத்து, முகத்தை மேலே தூக்கி அவள் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் தரையைத் தொடும்வரை ஏணி ஒரு தடவைகூட ஆடவில்லை.